மஞ்சள் மழைக்கோட்டு

அந்தப் படத்தை எடுத்தவர்கள் இன்றைக்கு என் எதிரே வந்தால், வயதாகிவிட்டது பாவம் என்றெல்லாம் நான் பார்க்க மாட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வழி விடுவேன். கறுப்பு மழைக்கோட்டை மஞ்சளாக்கினார்கள், போகட்டும். மழையே விடாத ஊர்க்கதையில் கதாநாயகனைப் பூந்தோட்டத்தில் ஆடவிட்டார்கள், அதையும் விட்டுத்தள்ளலாம். கடைசியில் ஒரு வேலை செய்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அந்தக் கதை முதலில் காமிக்ஸாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், போர்ட் கிள்ளானில் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குக் கிடங்கில் ஷிப்டு வேலை. அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். மாதாமாதம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் புத்தகக் கட்டுகள் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இறங்கும். ஆனால் புத்தகம் வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கிள்ளான் டவுன் கடைக்குப் போக வேண்டும். அண்ணனுக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல். "நம்ம வாசல்ல எறங்குது, நாம பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போயி வாங்கணும். என்னா நியாயம்லா இது?" என்று ஒவ்வொரு மாதமும் புலம்புவான். புலம்பிக்கொண்டே போய் வாங்கியும் வந்துவிடுவான்.

காமிக்ஸ் என்றால் சிரிப்புப் படக்கதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் இருட்டு. ஒரு துறைமுக ஊர், ஓயாத மழை, கறுப்பு மழைக்கோட்டு போட்ட, வேலையிழந்த ஒரு போலீஸ்காரன். முதல் இதழிலேயே அவன் தம்பி கடலில் விழுந்து செத்துப்போகிறான். இவன் குதித்துத் தேடுகிறான், கையில் அகப்படவில்லை. மறுநாள் உடல்தான் கிடைக்கிறது. அதற்குப் பிறகு இவன் ஊரெல்லாம் அலைந்து கெட்டவர்களைப் பிடிக்கிறான். ஆனால் எந்த இதழை எடுத்தாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேருவான். கொலைகாரன் மாட்டுவான், காப்பாற்ற வேண்டியவன் போயிருப்பான். அவனுடைய அம்மா எப்போதாவது வருவாள், துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள், எழுந்து போவாள். அவளுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. மை வேறு மட்டமான மை, படித்து முடித்தால் விரலெல்லாம் கறுத்துவிடும்.

அண்ணன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிப்பான். கொலைகாரனுக்கு ஒரு குரல், மழைக்கோட்டுக்காரனுக்கு ஒரு குரல், இடிக்கு ஒரு குரல். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சோத்துத் தட்ட முன்னாடி வச்சிக்கிட்டு எழவுக் கதையா படிக்கிற? ஒன் மழைக்கோட்டுக்காரனத் தூக்கிக் குப்பையில போடு!" என்பாள். மழைக்கோட்டுக்காரன் என்ற பேரே அம்மா திட்டும்போது வைத்ததுதான். புத்தகத்தில் அவனுக்கு வேறு பேர் இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அண்ணன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கும் படகில் வேலைக்குச் சேர்ந்தான். படகு வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு மழைச் சாயங்காலம் படகிலிருந்து விழுந்துவிட்டான். நீச்சல் தெரிந்தவன்தான். சில நாள் கழித்துக் கேரித் தீவுப் பக்கம், சதுப்பு மரங்களின் வேர்களுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். இதை நான் எப்போதும் இப்படி நாலு வரியில்தான் சொல்வேன். வேறு எப்படிச் சொல்வதென்று இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

எங்களில் ஒருவர் போய்விட்டால் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, கூடத்தில் கிடத்துவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து முகத்தைப் பார்த்து அழுவோம், வாய்க்கரிசி போடுவோம். அப்புறம் ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆக, பெண்களுக்கென்று இருப்பது அந்தக் கூடமும் அந்தக் கொஞ்ச நேரமும்தான். அண்ணன் விஷயத்தில் எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. சவப்பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போனது.

முடிவெடுத்தவர் பெரியப்பா. "பொம்பளைங்க பாக்க வேணாம்மா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அடையாளம் காட்டப் போனது அப்பா ஒருவர்தான். வீட்டில் நாங்கள் அண்ணனுடைய போட்டோவை நாற்காலியில் சாய்த்து வைத்து, அதற்கு மாலை போட்டு, அதன் முன்னால் அழுதோம். போட்டோவுக்கு எப்படி வாய்க்கரிசி போடுவது? அம்மா போட்டாள். அரிசி கண்ணாடியில் பட்டுத் தரையெல்லாம் சிதறியது. சாயங்காலம் அப்பா வந்து வெளிக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, "முடிஞ்சிச்சு" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று எனக்குக் காரியம் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பெரியப்பா சமையலறையில் பெரியம்மாவிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூஞ்சின்னு ஒண்ணும் இல்ல. சட்டைய வச்சுத்தான் நம்ம புள்ளன்னு தம்பி சொன்னான்." அது அண்ணன்தான், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த மழையில் போர்ட்டில் வேறு யாரும் காணாமல் போகவில்லை. நான் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா வீட்டில் நண்டு வாங்க விடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஆரம்பித்தது ஆறுதல். அடேயப்பா, என்ன ஆறுதல்! "சாமிக்குப் பிடிச்ச புள்ளைய சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிச்சு" என்றாள் ஒருத்தி. "அவன் எங்கயும் போவல, ஒங்கூடத்தான் இருக்கான்" என்றாள் இன்னொருத்தி. "கவலப்படாதக்கா, ஒம்மக வயித்துல வந்து பொறப்பான்" என்று பக்கத்து வீட்டு ஆன்டி என்னைக் காட்டிச் சொன்னார். எனக்கு அப்போது பதினேழு வயது. என் வயிற்றை இவர்களிடம் யார் வாடகைக்குக் கேட்டது? வந்த கோபத்துக்குக் காப்பித் தட்டை அவர் மடியில் கவிழ்த்திருப்பேன். அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அம்மா எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடுவதையும் தலைவாருவதையும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் நான் வேலை தேடி அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா அண்ணனுடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மழைக்கோட்டுக்காரன். மெத்தைக்கு அடியில் அண்ணன் அடுக்கி வைத்திருந்த இதழ்களை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் இதழிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறுப்பு. கண்ணைத் துடைத்தபோது ஒட்டிக்கொண்ட மை கன்னத்திலும் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. "அதப் போயி ஏம்மா படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இதுல ஒண்ணுலதான் செத்தவன் செத்தவனாவே இருக்கான்" என்றாள் அம்மா. "எல்லாரும் எங்கிட்ட வந்து கத சொல்றாளுங்க. இவன் மட்டும்தான் பொய் சொல்ல மாட்டேங்கறான்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அந்த இருட்டுப் புத்தகம்தான். தினமும் மத்தியானம் கொஞ்சம் படிப்பாள், படிக்கட்டில் அந்த அம்மாக்காரி வரும் பக்கத்தில் நின்று அழுவாள், மூடி வைத்துவிட்டுப் போய் உலை வைப்பாள். காய்கறி வாங்கப் பசாருக்குப் போக ஆரம்பித்தாள். சண்டைகூடப் போட்டாள். புது இதழ் வாங்க என்னோடு கிள்ளானுக்கு வந்தவள், "இன்னும் கப்பல் வரலக்கா" என்று சொன்ன கடைக்காரரிடம், "கப்பல் வந்து ரெண்டு நாளாச்சு தம்பி, என் வீட்டுப் பக்கத்துலதான் நிக்குது. யாருகிட்ட கத வுடுற?" என்று கேட்டாள். அவர் அசடு வழிந்துகொண்டே உள்ளே போய்க் கட்டைப் பிரித்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா சிரித்தாள். அண்ணன் போனபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு இதழின் பின்னட்டையில் அந்த விளம்பரம் வந்தது. மழைக்கோட்டுக்காரன் சினிமாவாகிறானாம். எனக்குக் கொஞ்சம் பகீரென்றுதான் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்படுவதுபோல ஒரு பரபரப்பு. படம் இங்கே வந்து சேர மேலும் பல மாதம் ஆயிற்று. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓடுகிறது என்று தெரிந்த வாரமே, அலமாரியில் கிடந்த நல்ல சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். அப்பா, "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். "அவன் இருந்திருந்தா மொத ஷோவுக்கு மொத ஆளாப் போயி நின்னுருப்பான். அவனுக்காக நான் போறேன்" என்றாள். அப்பாவுக்கு அன்றைக்கு ஷிப்டு இருந்தது. நானும் அம்மாவும்தான் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. தியேட்டர் வாசலில் அம்மா எனக்குக் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தாள். உள்ளே நல்ல கூட்டம். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் மழை பெய்தது. துறைமுகம், படகு, தம்பி விழுகிறான், அண்ணன்காரன் குதிக்கிறான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்தது பாருங்கள் கண்றாவி. மழை நின்றது, வெயில் அடித்தது, கதாநாயகனுக்குத் தொப்பையும் காதலும் வந்தன. மழைக்கோட்டு பளபளவென்று மஞ்சள், முதுகில் ஜரிகை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மலைமேல் பூந்தோட்டத்தில் இருபது பெண்களோடு உருண்டான். ஒரு சிரிப்பு நடிகர் மழைக்கோட்டை வேட்டியாகக் கட்டிக்கொண்டு விழுந்து எழுந்தார். வசனமே இல்லாத அந்த அம்மாக்காரி அம்மன் சிலை முன்னால் மணியடித்துக்கொண்டு முழுசாக ஒரு பாட்டுப் பாடினாள். "என்னாம்மா இது, கருமம்!" என்றேன். "இரு, முடிவுல சரியா வரும். முடிவ அவனுங்க மாத்த முடியாதுல்ல" என்றாள் அம்மா.

மாற்றினார்கள். இடைவேளைக்குப் பிறகு தம்பி உயிரோடு வந்தான். கடலில் விழுந்தவனை மீனவர்கள் தூக்கிக் காப்பாற்றி, நினைவு தப்பியவனைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தார்களாம். அன்றைக்கு எரித்தது வேறு யாரோ ஒருவனுடைய உடலாம். அவன் இவனுடைய சட்டையைப் போட்டிருந்தானாம், முகம் சிதைந்து போனதால் தகப்பன் சட்டையைப் பார்த்து ஏமாந்துவிட்டானாம். அம்மாக்காரியின் பாட்டைக் கேட்டதும் தம்பிக்கு நினைவு திரும்பியது. எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. திரை முழுக்கச் சுபம்.

விளக்கைப் போட்டார்கள், அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்து சீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்ல படம்லாக்கா! கடைசில புள்ள கெடச்சிருச்சு, மனசுக்கு எவ்ளோ நிம்மதி" என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன். ஜரிகையைத் திட்டினேன், தொப்பையைத் திட்டினேன். அண்ணன் இருந்திருந்தால் திரையைக் கிழித்திருப்பான் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்த நீலச் சட்ட போர்ட்ல எத்தன பேருகிட்ட இருக்கும்?" என்று கேட்டாள்.

"அம்மா, அது சினிமாம்மா" என்றேன். "சினிமான்னு எனக்குத் தெரியாதா? சட்ட எத்தன பேருகிட்ட இருக்கும்னுதான கேட்டேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து ஷிப்டு மாறும் நேரத்துக்கு அம்மா போர்ட் வாசல் கேட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்பாள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று, வெளியே வரும் நீலச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சில பையன்கள், "என்னா ஆன்டி, யாரத் தேடுறீங்க?" என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்பாள். மழைக்கோட்டுக்காரனைத் தொடவே இல்லை. புது இதழ் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், பிரிக்காமல் மேசையிலேயே கிடந்தது. இரண்டு வருஷமாகக் கண்ணீரும் மையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் ஏற்றுக்கொண்ட ஒன்றை, இரண்டரை மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் பாவிகள்.

மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, அப்பா வேலை முடிந்து வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள்.

"ஏங்க, லீவு போடுங்க. கேரித் தீவுக்குப் போயி அந்த மீன் புடிக்கிறவங்கள ஒரு தடவ கேட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

அப்பா நிமிர்ந்தார். "என்னாத்தக் கேக்கப் போற?"

"நீங்க மூஞ்சியப் பாத்தீங்களா? சட்டையப் பாத்தீங்களா, இல்ல மூஞ்சியப் பாத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். இல்லை என்று சொன்னால் அம்மா கடைசிவரை அந்தக் கேட்டில் நிற்பாள். எனக்கே அது புரிந்தது, அவருக்குப் புரியாமல் இருக்குமா?

"பாத்தேன்" என்றார் அப்பா. "நல்லாப் பாத்தேன். ஒண்ணுமே ஆவல அவனுக்கு. தூங்கற மாதிரி இருந்தான். நம்ம புள்ளதான்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். ஆனாலும் குரல் பிசகவில்லை. அம்மா அப்படியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். நம்பிவிட்டாள், இனிமேல் கேட்டுக்குப் போக மாட்டாள், அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அம்மா எழுந்து நின்றாள்.

"தூங்கற மாதிரிதான இருந்தான்? அப்ப எனக்கு ஏன் காட்டல?"

அப்பா குழாயை மூடினார்.

"பெத்தவ நான். ஒரு நிமிசம் எங்கிட்ட காட்டிருந்தா என்னா? வாயில ரெண்டு அரிசி போட்டுருப்பேன். என் கண்ணால பாத்துருப்பேன். ஏன் காட்டல? சொல்லுங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பதிலுக்காக நின்றாள், நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்டுக்குப் போகவில்லை, கேரித் தீவையும் பேசவில்லை. அப்பாவுக்குச் சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதை மட்டும் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்து, "உண்மையச் சொல்லிருங்கப்பா. இல்லன்னா நான் சொல்லிர்றேன். பெரியப்பா சொன்னத நான் அன்னிக்கே கேட்டுட்டேன்" என்றேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே தலையாட்டினார்.

"வேணாம் பாப்பா. அவளுக்கு அவன் மூஞ்சி முழுசா இருக்கட்டும். எம்மேலதான கோவம், இருந்துட்டுப் போறா."

அம்மாவின் கோபம் கடைசிவரை தீரவில்லை. அப்பாவும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.